எப்போ பூக்கும் சேச்சி?

மரக்கன்று விற்பது பத்து நிமிஷ வேலை. விற்றதற்குப் பதில் சொல்வது பத்து வருஷ வேலை.

ரோஜாச் செடி வாங்கினவர்கள் அது பட்டுப்போனால் தங்கள் கைராசியை நொந்துகொண்டு வேறொன்று வாங்கிப் போவார்கள். பூமரம் வாங்கினவர்கள் அப்படி விட்டுவிட மாட்டார்கள். சாலைக் கடைத்தெருவில் காய்கறி பொறுக்கும்போதும், கல்யாணப் பந்தியில் பப்படத்தை நொறுக்கும்போதும், டாக்டர் வீட்டு வரிசையில் காத்திருக்கும்போதும் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "எப்போ பூக்கும் சேச்சி?" என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஆசையாய் ஒரு மரத்தை நட்டுவிட்டு வருஷக்கணக்கில் அண்ணாந்து பார்த்து நிற்பவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

நான் தோவாளைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் பதினைந்து சென்ட் நிலம் குத்தகைக்குக் கிடைத்ததும் நர்சரி தொடங்கினேன். ஊரெங்கும் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எல்லாம் மூன்று சென்ட், நாலு சென்ட், மிஞ்சினால் பத்து. பலாவும் புளியும் நட இடமில்லை. ஆனால் வாசலில் ஒரு சின்னப் பூமரம் நிற்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

எனக்குத் துணையாக வந்தவர் தங்கராசு அண்ணன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாற்றங்கால் வேலையும் கவாத்து வேலையும் பார்த்தவர். மகளின் படிப்புக்காக மலையிறங்கி நகரத்துக்கு வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே நிற்பவர் கொஞ்ச நேரம் யோசிக்கவேண்டியிருக்கும்.

ஒன்பது நிபந்தனைகள்

அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார் ஒரு நாள் வந்தார். கையில் ஒரு தாள். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு எழுதியிருந்தது. இலை உதிரக்கூடாது. வேர் மதிலுக்கும் செப்டிக் டேங்குக்கும் போகக்கூடாது. கம்பளிப்பூச்சி வரக்கூடாது. காக்கை கூடு கட்டக்கூடாது. எட்டடிக்குமேல் வளரக்கூடாது. வாசனை வேண்டும், ஆனால் வீட்டம்மாவுக்குத் தலைவலி உண்டு, ரொம்ப வாசனை கூடாது. தினமும் தண்ணீர் விட முடியாது. அடுத்த வீட்டுக்காரர் குறை சொல்லக்கூடாது. வருஷம் முழுக்கப் பூக்கவேண்டும்.

நான் மந்தாரையைக் காட்டினேன். இலை உதிரும் என்று இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கொன்றை முதல் நிபந்தனையில் தோற்றது. செண்பகம் ஐந்தாவதில் விழுந்தது. அரைமணி நேரம் இப்படிப் போனது. தொட்டிக்கு மண் கலந்துகொண்டிருந்த தங்கராசு அண்ணன் நிமிர்ந்து, சார் கேட்கிற மரம் காலண்டரில் இருக்கிறது, ஒரு ஆணி அடித்தால் போதும் என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. சார் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு நிபந்தனையாக அடித்துக்கொண்டு வந்தார். இலையை அடித்தார், காக்கையை அடித்தார், அடுத்த வீட்டுக்காரரை இரண்டு கோடு போட்டு அடித்தார். கடைசியாக 'வருஷம் முழுக்க' என்ற இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே வார்த்தையை எனக்குக் காட்டிச் சொன்னார்:

"பூக்கவேண்டும். இதை மட்டும் அடிக்க மாட்டேன், கேட்டோ."

பஸ்ஸில் வந்த குச்சி

ஸ்டெல்லா டீச்சர் பாறசாலைப் பக்கம். ஓணம் சமயத்தில் வந்து ஒரு ஈழச்செம்பகக் கன்று வாங்கிப் போனார். கோயில் முற்றங்களில் வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடக்குமே, அந்தப் பூ. வீட்டு வேலை முடியாததால் கன்றைப் பிளாஸ்டிக் கவரோடு சன்ஷேடுக்குக் கீழே வைத்திருந்தார். தை மாதம் பாதியில் அதே கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறித் திரும்பி வந்தார். ஒரு இலை கிடையாது. மொட்டைக் குச்சி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரித்தார்களாம். டீச்சரும் கரமனைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அதையும் என்னிடமே மறைக்காமல் சொன்னார்.

நான் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிக் காட்டினேன். பால் துளிர்த்தது. இது செத்துப்போகவில்லை டீச்சர், வெயில் காலம் வருகிறது என்று இலையைக் கொட்டிவிட்டு இளைப்பாறுகிறது என்றேன். டீச்சர் பயந்துபோய்க் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். வாரம் ஒரு தடவை போதும், நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து நடுங்கள் என்றேன். அரைமனதோடு குச்சியை வாங்கிக்கொண்டு போனார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஸ்கூல் விடுமுறையில் வந்தார். கையில் குச்சி இல்லை. முகத்தில் ஒரு வெட்கம். குச்சி நுனியில் இலை வருமுன்பே ஒரு கொத்துப் பூ வந்துவிட்டதாம். அதுவும் ஈஸ்டர் ஞாயிறு காலையில் முதல் பூ. உங்கள் சபைப் பாஸ்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"சொல்லல. சொன்னா அவர் அதைப் பிரசங்கத்துல சேத்துருவார், நான் குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்தது சபைக்கே தெரிஞ்சுரும்."

மகமும் அனுஷமும்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு புது வழக்கம் கிளம்பியது. ஒவ்வொரு ஜன்ம நட்சத்திரத்துக்கும் ஒரு மரம் உண்டு, அதை வீட்டில் வைத்தால் நல்லது என்று கோயில்களில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். தாளை எழுதினவருக்கு நாலு சென்ட் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. எருக்கு, மூங்கில், அரசு என்று என் நர்சரியில் இல்லாத எல்லாவற்றையும் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

அப்படி வந்த ஒரு இளம் ஜோடியை மறக்க முடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம். பாங்கில் கடன் வாங்கிக் கட்டின வீடு. முன்வாசலில் ஒரு மரத்துக்குத்தான் இடம். அவன் நட்சத்திரம் மகம், தாளின்படி ஆலமரம். அவள் அனுஷம், அதற்கு மகிழமரம். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வீடு என் பெயரில் இருக்கிறது, மரமும் என் நட்சத்திரமாக இருக்கட்டும் என்று அவன். தவணை இரண்டு பேர் சம்பளத்திலும் போகிறதே என்று அவள். தங்கராசு அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆலமரம் நடுவதென்றால் வீட்டை மரத்துக்கு மேலே கட்டியிருக்கவேண்டும் என்றார்.

அவன் சிரிக்கவில்லை. வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றான். நான் அவளுக்கு மகிழமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக வளரும், நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் குடைபோல நிற்கும், பூ காய்ந்தபிறகும் வாசனை போகாது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கண் வெளியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி வந்து, நேராக மகிழங்கன்றின் கவரைத் தூக்கிக்கொண்டான். ரோட்டுக்கு அந்தப்புறம் பஸ்ஸ்டாப்பில் நின்ற ஆலமரத்தைக் கையால் காட்டிச் சொன்னான்:

"என் மரம் ஊர்ல எங்க பார்த்தாலும் நிக்குது சேச்சி. இவ மரம் வீட்ல நிக்கட்டும்."

டிசம்பர் லீவு

நஸீமாவின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு, அதுவும் டிசம்பரில். அவர் அனுப்பினதை வைத்து நஸீமா தனியாக நின்று கட்டிமுடித்த வீடு அது. கொத்தனாரோடும் ஆசாரியோடும் மல்லுக்கட்டிக் கட்டினவள். வாசலில் மரம் வைக்கிற கட்டம் வந்தபோது மட்டும், அவருக்குப் பிடித்த ஊதா நிறத்தில் பூக்கிற மரம் வேண்டும் என்று கேட்டாள். நான் மணிமருது கொடுத்தேன். அவர் எப்போது வருவார் என்று கேட்காமல் கொடுத்தது என் பிழை. மணிமருது பூப்பது வெயில் காலத்தில் தொடங்கி மழைக்காலத்தின் முதல் வாரங்கள்வரை. நாலாவது வருஷம் மரம் நிறையப் பூத்தபோது அவர் மஸ்கட்டில். டிசம்பரில் வந்து பார்த்துவிட்டு, இலை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நஸீமா என்னிடம் வந்து டிசம்பரில் பூக்கிற மரம் கேட்டாள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மார்கழிவரை பூக்கிற ஊதா மந்தாரை ஒன்று கொடுத்தேன். மந்தாரை சீக்கிரம் வளரும். இரண்டாவது வருஷமே நவம்பரில் மொட்டு வைத்தது. நஸீமா எனக்குப் போன் செய்து சொன்னாள். மஸ்கட்டுக்கும் போன் செய்து சொன்னாள். அந்த வருஷம் பார்த்து, டிசம்பரில் ஆள் போதாது என்று அவருடைய கம்பெனி லீவை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவிட்டது. அவள் மந்தாரையை எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக் கவரில் போட்டு அனுப்பினாள். எனக்குக் குற்றம் செய்தவள்போல இருந்தது. அவர்கள் வீட்டுத் தெரு வழியாகப் போவதையே கொஞ்சநாள் தவிர்த்தேன்.

ஜூனில் நஸீமாவும் அவரும் சேர்ந்தே நர்சரிக்கு வந்தார்கள். வீட்டு கேட்டைத் திறந்ததும் மணிமருது தலைமுதல் கால்வரை ஊதாவாக நின்றதாம். இத்தனை வருஷமாக இலை மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதையா என்று மனிதர் பெட்டியைக்கூட இறக்காமல் நின்றிருக்கிறார். என்னிடம் மந்தாரையைப் பற்றியும் மணிமருதைப் பற்றியும் ஆயிரம் கேள்வி. இனி டிசம்பரில் வந்தாலும் ஜூனில் வந்தாலும் ஒன்று பூத்திருக்கும் என்று அவருக்குப் பெரிய நிம்மதி. அவர் தொட்டிகளைப் பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் நஸீமா என் காதோரமாகச் சொன்னாள்:

"அவர் ஒரு மாசப் பூவைப் பார்ப்பார் அக்கா. மத்ததெல்லாம் எனக்குத்தானே."

மதிலுக்கு இந்தப்புறம், அந்தப்புறம்

கரமனை அக்கிரகாரத்து விசாலம் மாமி கொல்லைப்புறத்தில் ஒரு பவழமல்லி வைத்திருந்தாள். நான் கொடுத்த கன்றுதான். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மரம் சாயும். மாமி வீட்டுக் கொல்லை ஒரே நிழல்; வெளிச்சமெல்லாம் மதிலுக்கு அந்தப்புறம். மரமும் நன்றாகச் சாய்ந்து, விடிகாலையில் பூவையெல்லாம் பின்வீட்டு முற்றத்தில் கொட்டியது. நான் ஜலம் விடறேன், பூ அவாத்துல விழறது என்று மாமி என்னிடம் வந்து முறையிட்டாள். தங்கராசு அண்ணன் போய்க் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். மரம் கயிற்றையும் சேர்த்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் ஜோசப் சார் என்று ஒருவர் வந்தார். தனி ஆள். பின்பக்கத்து வீட்டு மரத்திலிருந்து தினமும் குப்பை விழுகிறது, காலையில் எழுந்ததும் பெருக்குவதே வேலையாக இருக்கிறது, அந்தக் கிளையை வெட்ட ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். எந்த வீடு என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாமி உள்ளே வந்தாள். மதிலுக்கு இரண்டு பக்கமும் பதினோரு வருஷம் குடியிருந்தவர்கள் முதல்தடவையாக ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தது என் நர்சரியில்தான். குப்பை என்ற சொல்லை மாமி கேட்டுவிட்டாள். தரையில் விழுந்தாலும் பூஜைக்கு எடுக்கலாம் என்று இருக்கிற ஒரே பூவாக்கும் அது என்று ஆரம்பித்தாள். பகவான் பூவைத் துடைப்பத்தால் தள்ளினோமே என்று ஜோசப் சாருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எனக்குத் தெரியாதே மாமி, தெரியாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் முதல் அவர் தன் முற்றத்தில் கிளைக்குக் கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவைத்தார். காலை ஆறு மணிக்குப் பூவைத் தட்டில் வாரி மதில்மேல் வைப்பார். மாமி தட்டை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் டபராவும் டம்ளருமாகக் காப்பி வைப்பாள். ஆறு மாதம் கழித்து, பவழமல்லி எப்படிப் பூக்கிறது என்று மாமியிடம் விசாரித்தேன்.

"பூ ஒருநாள் குறையறது, ஒருநாள் கூடறது. மனுஷர் மட்டும் ஒருநாளும் தப்ப மாட்டார்."

ஆடு கட்டின மரம்

விழிஞ்ஞத்தில் கடலுக்கு நூறடி தள்ளிச் சேவியர் வீடு கட்டினார். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வீட்டின் முன்னால் மணலில் ஒரு பூமரம் வேண்டும் என்று வந்தார். நான் செண்பகம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கருகிவிட்டது. கொன்றை கொடுத்தேன், அதுவும் போனது. மூன்றாவது தடவை அவர் வந்தபோது கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரி சொல்கிறாள், நம்ம கை கடலுக்குத்தான் லாயக்கு, மண்ணுக்கு ஆகாதாம் என்றார். இவர் கை அல்ல, இடத்தைப் பார்க்காமல் கன்று கொடுத்த என் கைதான் சரியில்லை என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் தங்கராசு அண்ணனும் விழிஞ்ஞத்துக்கு பஸ் பிடித்தோம்.

போய் நின்ற ஐந்து நிமிஷத்தில் விஷயம் விளங்கியது. உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. நாக்கால் உதட்டைத் தொட்டால் கரித்தது. இந்தக் காற்றில் செண்பகம் எப்படி நிற்கும்? சேவியரின் மனைவி மேரி எங்களுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. தங்கராசு அண்ணன் சாயா கிளாசோடு வீட்டைச் சுற்றி வந்தார். மூலையில் வேலிக்கு ஊன்றின கம்புகளில் ஒன்று துளிர்த்து, பத்தடி உயரத்துக்கு நின்றது. இதயம்போல இலை. இலைக்கு நடுவே மஞ்சள் பூக்கள். முந்தின நாள் பூத்தவை வாடிச் செம்பழுப்பாக நிறம் மாறிக் கிடந்தன. பூவரசு. உப்புக்கும் காற்றுக்கும் அசராத மரம். அதில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். எட்டின மட்டும் இலையைத் தின்று ஆடு கொழுகொழுவென்றிருந்தது.

அண்ணன் நாங்கள் கொண்டுபோயிருந்த கன்றைக் கவரோடு ஓரமாக வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். பூவரசின் பக்கக் கிளைகளைக் கழித்து, ஒற்றைத் தண்டாக நிறுத்தி, மேலே குடையை மட்டும் விட்டார். வேலிக்கம்பாக இருந்தது ஒருமணி நேரத்தில் மரமாகிவிட்டது. சேவியர் தள்ளிப்போய் நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். இத்தனை நாளாக இது இங்கேதான் நின்றதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நாங்கள் மூன்றுபேரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது மேரி, அவிழ்த்த ஆட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அன்று அவள் எங்களிடம் பேசின முதல் வார்த்தை அது:

"எல்லாம் சரி. இதை இனி எங்க கட்டுறது?"

மறுவீடு

சுப்பையா அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடைக்குக் கணக்குப்பிள்ளையாக வந்து, எங்கள் நர்சரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கினவர். ஒரே மகள் கோமதி. அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் என்னிடமிருந்து ஒரு பவளக்குறிஞ்சிக் கன்று வாங்கித் தன் கையால் நட்டாள். கசங்கின பட்டுக்காகிதம்போல இளஞ்சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூக்கிற சின்ன மரம். ஆனால் புதுத்தளிரில்தான் பூக்கும். வருஷம் ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யவேண்டும். நான் சொல்லாத வருஷம் இல்லை. அண்ணாச்சி மரத்தின் பக்கத்தில் கத்தியை அண்டவிட மாட்டார். வளர்கிற பிள்ளைமேல் யாராவது கத்தி வைப்பார்களா என்பார். மரம் நெட்டுக்குத்தாக வளர்ந்து மொட்டைமாடியை எட்டிப் பார்த்தது. உச்சியில் எங்கோ நாலு பூ; காக்கைக்குத்தான் தெரியும்.

ஏழாவது வருஷம் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திருநெல்வேலி. ஆவணியில் முகூர்த்தம். வைகாசிக் கடைசியில் ஒருநாள் அவள் ஆபீசிலிருந்து நேராக நர்சரிக்கு வந்தாள். போவதற்குள் ஒருதடவையாவது நான் வைத்த மரம் பூத்துப் பார்க்கணும் அக்கா, நான் கேட்டேன் என்று அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றாள். கண் கலங்கியிருந்தது. தங்கராசு அண்ணன் விரல்விட்டு எண்ணினார். இன்றைக்கு வெட்டினால் எழுபது எழுபத்தைந்து நாளில் பூக்கலாம். மழை படுத்தாமல் இருக்கவேண்டும் என்றார்.

அண்ணாச்சியிடம் நான் போய்ப் பேசினேன். கல்யாணத்துக்கு வீட்டு வாசலில் பூ நிற்கவேண்டாமா என்றேன். வாசலுக்கு வந்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, செய்யுங்க என்றார். அண்ணன் வெட்டும்போது அவர் உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தார். இடுப்பளவு உயரத்தில் நாலைந்து மொட்டைத் தடிகள். தேயிலைச் செடியை வெட்டுகிற கை அல்லவா, அண்ணன் தயவுதாட்சண்யமில்லாமல் வெட்டியிருந்தார். அண்ணாச்சி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மழை படுத்தியது. பதினைந்து நாள் விடாத மழை. தளிர் வந்தது, வந்த தளிரில் வெள்ளைப்பூஞ்சை பிடித்தது. அண்ணன் தினமும் காலையில் வேலைக்கு வருமுன் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தார். அண்ணாச்சி ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பாராம், பேச மாட்டாராம். ஆனால் மூன்றாவது நாளிலிருந்து வாசலில் ஒரு சொம்பு மோர் தயாராக இருந்ததாம். ஆடியில் கிளைகள் விரிந்தன. நுனியில் மிளகு மிளகாக மொட்டு. நான் கோயிலுக்குப் போனாலும் அந்த மொட்டைத்தான் நினைத்துக் கும்பிட்டேன்.

கல்யாணத்தன்று காலையிலும் அவை மொட்டாகவே இருந்தன. மண்டபத்தில் நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாலி கட்டினதும் சாப்பிடாமல்கூட வந்துவிட்டேன். தங்கராசு அண்ணன் வரவே இல்லை. கோமதி புறப்படும்போது காரிலிருந்து எட்டி மரத்தைப் பார்த்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள், மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிற அன்று, அண்ணாச்சி வேட்டியும் துண்டுமாக நர்சரிக்குள் வந்தார். இன்றைக்குத் திட்டு விழப்போகிறது என்று நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனிடம் போய் அவர் கையைப் பிடித்து, வாங்க என்று மட்டும் சொன்னார். பின்னாலேயே நானும் ஓடினேன். தெருமுனையிலிருந்தே தெரிந்தது. இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பு. தேனீக்கள் மொய்த்து இரைந்துகொண்டிருந்தன. சம்பந்தி வீட்டார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கோமதி காரிலிருந்து இறங்கினவள் வீட்டுக்குள் போகவில்லை; மரத்தடியில் போய் நின்று ஒரு கிளையைத் தாழ்த்தி முகத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியிடம் சொன்னார்:

"கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரன், மறுவீட்டுக்கு வந்துட்டான் பாருங்க."

பதினாறு வருஷம் பூமரம் விற்றதில் நான் கற்றது இவ்வளவுதான்: எந்த மரமும் அதற்குத் தோன்றுகிறபோதுதான் பூக்கும், ஆனால் அதை வாங்க வந்தவரிடம் முதல்நாளே சொல்லிவிடக்கூடாது.